ஆடியில் போட்ட கையெழுத்து

இந்த நினைவு மலரைப் பிரித்துப் பார்க்கிற உங்களில் பாதிப் பேருக்கு மேல் அக்காவின் கடையில் சாப்பிட்டவர்கள். அதனால் அக்காவின் கைப்பக்குவத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. மலரில் என்ன எழுதுவது, யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது அக்கா வீட்டுக்காரரான மாமா என்னைக் கை காட்டினார். "நீதான் எழுதற வேலையில கீற" என்றார். நான் பத்திரம் எழுதும் அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தமும் விற்பனைப் பத்திரமும் கம்ப்யூட்டரில் அடிப்பவள். மனிதரைப் பற்றி எழுதிப் பழக்கமில்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு என்பது உறவுக்காரர்களுக்குத் தெரியும், அது நடுவில் எட்டிப் பார்த்தால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில். நைனா விசைப்படகில் கூலிக்குப் போனவர். அம்மா தவறியபோது அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்கு நாலு. அன்றோடு அக்கா பள்ளிக்கூடத்தை விட்டார். விடிவதற்குள் காசிமேடு போய் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக விற்று வந்து, பிறகு எனக்குத் தலை பின்னி அனுப்புவார். என் பின்னலில் மீன் வாடை அடிக்கிறது என்று ஒரு டீச்சர் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார். அக்கா பள்ளிக்கு வந்து சண்டையெல்லாம் போடவில்லை. மறுநாளிலிருந்து எலுமிச்சம்பழத் தோலில் கை தேய்த்துக் கழுவிவிட்டுப் பின்னினார். நானாக இருந்தால் அந்த டீச்சரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் வீடு கிடைத்தது. அதற்குள் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாமா படகில் மெஷின் ஓட்டியவர். முழங்கால் போனதும் கடலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். வீட்டை அக்கா தோளில் வாங்கிக்கொண்டார். ஒரு கம்பெனி வாசலுக்கு எதிரே தார்ப்பாய் கட்டி, மதியச் சாப்பாடும் மீன் குழம்பும் போட ஆரம்பித்தார். மணலிக்கு டேங்கர் ஓட்டுகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அங்கே வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த அடுப்பிலிருந்துதான் என்னை டைப் வகுப்புக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் அனுப்பினார். தன் பெண்ணையும் படிக்க வைத்தார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் சாலையை அகலப்படுத்தினார்கள். தார்ப்பாய்க் கடை ஒரே காலையில் போய்விட்டது. இனிமேல் நாலு சுவரும் ஷட்டரும் உள்ள இடத்தில்தான் கடை போடுவது என்று அக்கா முடிவு செய்தார். அதற்கு அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. கோயில் பக்கம் இருக்கிற இடங்களில் மீன் என்றதுமே கதவைச் சாத்தினார்கள். இன்னொரு இடத்தில் சிலிண்டர் வைக்கக் கூடாதாம். அடுப்பில்லாமல் சாப்பாட்டுக் கடை நடத்துவது எப்படி என்று அந்த மனுஷரிடம் கேட்டேன், அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாடியில் குடியிருப்பவர்களுக்குப் புகை ஆகாது, தண்ணீர் அதிகம் செலவாகும், எண்ணெய்க் கறை படியும் என்று ஆளுக்கொரு காரணம். இரண்டு மாதம் கடை இல்லாமல் கையில் இருந்தது கரைந்துகொண்டே வந்தது.

கடைசியில் ரயிலடியிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகும் தெருவில் ஓர் இடம் அமைந்தது. இரண்டு ஷட்டர், பின்னால் சமைக்க இடம், புகை போக வழி. கட்டடத்தின் சொந்தக்காரர் தெய்வசிகாமணி ஐயா தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, மாடியில் தனியாக இருந்தார். மீன் என்று தயங்கித் தயங்கி அக்கா சொன்னபோது, "எனக்கும் ஒரு வேள அனுப்புவியாம்மா?" என்று கேட்டார். மாதம் பிறந்தால் வாடகை, பதினொரு மாத ஒப்பந்தம், மற்றதெல்லாம் பேசி முடிந்தது.

அப்போது ஆனி மாதம் முடிய மூன்று நாள்தான் இருந்தது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் புதிதாக ஒன்றையும் தொடங்க மாட்டார்கள், இது உங்களுக்கே தெரியும். அதனால் ஆனி கடைசி நாள் திங்கட்கிழமை காலை ஏழரைக்குள், ராகு காலத்துக்கு முன்னால், கடையில் பால் காய்ச்சினோம். பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. தெய்வசிகாமணி ஐயாவே அதைக் காட்டி, "கெழக்கால பொங்கிச்சு பாரு, நல்லா நடக்கும்" என்றார். அட்வான்ஸை வெற்றிலைத் தட்டில் வைத்து அக்கா அவர் கையில் கொடுத்தார். ஒப்பந்தத்தை நான் அலுவலகத்தில் அடித்து மதியத்துக்குள் கொண்டு வருவதாகப் பேச்சு. அன்று மாலை நாலு மணிக்கு ஆடி பிறக்கிறது என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது.

இங்கேதான் நான் செய்தது வருகிறது. ஆனி கடைசி நாளில் பத்திர அலுவலகம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆடி பிறப்பதற்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஊரே வந்து நிற்கும். வருகிறவர்கள் எல்லாரும் அம்மா, தாயே என்று கெஞ்சுகிறார்கள். முதலாளி என் பின்னால் நின்று, நீ இல்லையென்றால் இன்றைக்கு நான் ஒழிந்தேன் என்கிறார். எனக்கும் அது ஒரு பெருமையாகத்தான் இருந்தது. அக்காவின் முத்திரைத்தாள் என் கீ போர்டுக்கு அடியில் கிடந்தது. சொந்த வேலைதானே, பத்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று அதைத் தள்ளிக்கொண்டே போனேன். அதை அடித்து எடுத்துக்கொண்டு ஓடியபோது மணி ஐந்தே கால்.

தெய்வசிகாமணி ஐயா சங்கடப்பட்டார். ஆடி பிறந்துவிட்டதே, ஆவணி முதல் தேதி போட்டுக்கொள்வோம், நான் எங்கே ஓடிவிடப் போகிறேன் என்றார். அக்காவும் சரி என்றார். ஏன் இவ்வளவு நேரம் என்று அக்கா என்னைக் கேட்டபோது, பிரிண்டர் கெட்டுவிட்டது என்று சொன்னேன். அது பொய். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கடை முதல் நாளே பிடித்துக்கொண்டது. ரயிலை விட்டு இறங்குகிறவர்கள், மார்க்கெட் ஆட்கள், பழைய டேங்கர் ஓட்டுநர்கள் என்று மதியத்தில் உட்கார இடமில்லை. மாடிக்குத் தினமும் ஒரு கேரியர் போகும், மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டே படியேறிக் கொடுத்துவிட்டு வருவார். கூட்டம் வருகிற கடை என்றால் நாலு பேர் கண்ணில் படத்தானே செய்யும்.

ஆடி பத்தாம் தேதி வாக்கில் ஐயாவின் மகன் பாஸ்கர் வந்தார். அம்பத்தூரில் இருப்பவர். கூடவே நாலைந்து கிளை வைத்திருக்கும் ஒரு பிரியாணிக் கடைக்காரர். மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருக்கும்போதே டேப்பை நீட்டிச் சுவருக்குச் சுவர் அளந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை நகர்த்திக்கொண்டு காலை மடக்கி உட்கார்ந்தார்கள். அக்கா பரிமாறிக்கொண்டே இருந்தார். அளந்து முடித்த பிறகு பாஸ்கர் கல்லாவுக்கு வந்து நின்றார்.

"ஆடி முடிஞ்சதும் காலி பண்ணிக் குடுத்துடுங்க. ஆவணி ஒண்ணுல இவங்களுக்கு எழுதறோம்."

அக்கா, ஐயாவிடம் பேசித்தான் வந்தோம் என்றார்.

"பேப்பர் எதுனா இருந்தா காட்டுங்க" என்றார் பாஸ்கர்.

அக்காவிடம் காட்ட ஒன்றும் இல்லை. அட்வான்ஸுக்கு ரசீது கூட இல்லை. மறுநாள் நான் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "வெத்திலத் தட்டு கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லாதேம்மா" என்றார். ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் அடித்துக் கொடுக்கிற நீயா இப்படி விட்டாய் என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டே வாங்கலாம், ஆனால் கையில் எதுவும் இல்லாமல் அது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது என்றார்.

அன்றைக்கு மாடிக்குப் போன கேரியர் திறக்காமல் திரும்பி வந்தது. அடுத்த நாளும் அப்படியே. வெட்கத்தில் ஐயா சாப்பிடவில்லை என்று மாமா சொன்னார். வெட்கம் இருக்கிறவர் கீழே இறங்கி வந்து மகனிடம் பேச வேண்டியதுதானே என்று நான் கத்தினேன். அக்கா தினமும் கேரியரைக் கட்டுவதை நிறுத்தவில்லை. நாலாம் நாள் அது காலியாக வந்தது, கழுவியும் இருந்தது.

குப்பத்திலிருந்து சித்தப்பா மகன்கள் வந்தார்கள். "யக்கா, நீ ஊம்னு ஒரு வார்த்த சொல்லு, அம்பது பேரு வந்து வாசல்ல குந்திக்கினு கீறோம்" என்றான் மூத்தவன். அக்கா அவர்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். ஆள் சேர்த்துக்கொண்டு வந்தால் அதற்குப் பிறகு பயமில்லாமல் எவன் வந்து சாப்பிடுவான் என்று கேட்டு அனுப்பிவிட்டார். தம்பிகளே, நீங்கள் அன்று வந்து நின்றதை அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. ஆடியிலும் பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானே. அன்று கையெழுத்து வாங்கிவிடலாம் என்று மாமா சொல்ல, அக்காவும் ஒப்புக்கொண்டார். மாமா மாடியில் போய்ச் சொன்னார். ஐயா தலையாட்டினார். நான் தேதியை மாற்றிப் புதிதாக அடித்து வைத்தேன். இந்தத் தடவை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் பதினேழாம் தேதி சாயங்காலம் பாஸ்கர் கார் கொண்டுவந்து அப்பாவை அம்பத்தூருக்கு அழைத்துப் போய்விட்டார். பேரப்பிள்ளைக்குக் காது குத்தல் என்றார். ஆடியில் யாராவது காது குத்துவார்களா? காரில் ஏறும்போது ஐயா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு பதினாலு நாள் போனது இப்படித்தான். தண்ணீர் மோட்டார் அறைக்குப் புதுப் பூட்டு வந்தது. எதிர்வீட்டுக் குழாயிலிருந்து நானும் அக்காவும் குடம் குடமாகச் சுமந்தோம். ஷட்டர் பக்கத்தில் யார் நின்றாலும் பூட்டுப் போட வந்த ஆளோ என்று தோன்றும். காய்கறிக் கடையில் கடன் சொல்லி வாங்குவதைக்கூட அக்கா நிறுத்திவிட்டார், திடீரென்று கடை இல்லாமல் போனால் யாருக்கும் பாக்கி நிற்கக் கூடாதாம். போட்டிருந்த பாத்திரம், அடுப்பு, பெஞ்சு எல்லாம் கைமாற்று வாங்கிச் செய்தது. இந்த இடமும் போனால் அக்கா மறுபடி கூடை தூக்கத்தான் போக வேண்டும், அதற்கு உடம்பில் தெம்பில்லை. இது எங்கள் மூவருக்கும் தெரியும். நான் மட்டும் ஒவ்வொரு குடத்தோடும், அந்த ஐந்தே கால் மணியையும் சேர்த்துச் சுமந்தேன்.

ஆடி கடைசி நாள் வியாழக்கிழமை. மறுநாள் காலை பிரியாணிக் கடைக்காரருக்குக் கையெழுத்துப் போடுவதற்காகப் பாஸ்கர் அப்பாவைக் கூட்டி வந்து மாடியில் விட்டார். தானும் பிரியாணிக் கடைக்காரரும் தெருவில் நின்று, ஏ.சி. பெட்டியை எந்தச் சுவரில் மாட்டுவது என்று கை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அன்று லீவு போட்டிருந்தேன். மதியக் கூட்டம் நிறைந்திருந்தது. அக்கா கரண்டியை மாமாவிடம் கொடுத்தார். கேரியரைத் தானே எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பேப்பர எடுத்துக்கினு வாடி" என்றார்.

ஆடியாயிற்றே என்றேன். அக்கா படியேறினார்.

ஐயா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார். அக்கா தட்டில் சோறு போட்டு, குழம்பை ஊற்றி, பக்கத்தில் ஒப்பந்தத்தை வைத்தார்.

"ஆடி மாசமா கீதேம்மா" என்றார் ஐயா.

"நாம ஆடில ஒண்ணும் ஆரம்பிக்கலயே ஐயா" என்றார் அக்கா. "பால் பொங்கினது ஆனியில. கெழக்கால பொங்கிச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஆனியில ஆரம்பிச்சத இன்னிக்கி முடிக்கிறோம், அவ்ளோதான். ஆரம்பிக்கத்தானே ஆடி ஆவாது? முடிக்கிறதுக்கு இன்னா?"

ஐயா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று நாற்பது. வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரைக்குத் தொடங்கி மூன்று வரைக்கும். "மூணு ஆவட்டும்" என்றார்.

ஒரு மணி நேரம் இருபது நிமிஷம். கீழே பாஸ்கரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஐயா ஒவ்வொரு கவளமாகச் சாப்பிட்டார். மீன் முள்ளை அவ்வளவு பொறுமையாக எடுத்து நான் யாரையும் பார்த்ததில்லை. சாப்பிட்டு முடித்தால் கீழே கூப்பிட்டுவிடுவார்கள் என்றுதான் அப்படிச் சாப்பிட்டார் என்று பிறகு புரிந்தது. அக்கா இரண்டாவது முறை சோறு போட்டார். மூன்றாவது முறையும் போட்டார்.

இரண்டு ஐம்பதுக்குப் படியில் செருப்புச் சத்தம். பாஸ்கர் வாசலில் வந்து நின்றார். தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"அப்பா, எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. கீழ வாங்க."

"சாப்ட்டுகினு கீறேன்டா" என்றார் ஐயா, தட்டிலிருந்து தலை எடுக்காமல். "சாப்பிடற மனுஷன எழுப்பலாமா? கீழ போயி இரு."

பாஸ்கர் போகவில்லை. அக்கா எழுந்து, இன்னொரு தட்டை எடுத்து அவருக்கும் சோறு போட்டு நீட்டினார். அவர் வாங்கவில்லை. அக்கா நீட்டிய கையை மடக்கவும் இல்லை. அப்படியே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று தெரியாது. கடைசியில் பாஸ்கர் தட்டை வாங்கி, பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

மூன்று மணி அடித்ததும் ஐயா கை கழுவினார். கண்ணாடி போட்டுக்கொண்டார். கையெழுத்து தெளிவாக விழுந்தது. சாட்சிக்கு, நான் குரல் கொடுத்ததும் கடையிலிருந்து படியேறி வந்த மாமா ஒருவர். இரண்டாவது சாட்சிக்கு ஆள் தேட நேரமில்லை. கீழே சிலிண்டர் இறக்கிவிட்டு ரசீதில் கையெழுத்து வாங்க மேலே வந்தவர் அகப்பட்டார். எதற்குக் கையெழுத்து என்று கூடக் கேட்காமல் போட்டுவிட்டு, "எனக்கு ஒரு கையெழுத்துக் குடுங்கக்கா" என்று தன் ரசீதை நீட்டினார்.

பதினொரு மாதம் முடிந்ததும் ஐயாவே கூப்பிட்டுப் புதுப்பித்தார். அவர் காலமான பிறகு பாஸ்கர் வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று பயந்துகொண்டிருந்தோம். அவர் சாப்பிட உட்கார்ந்தார். அக்கா பரிமாறினார். அதன் பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அவரே வந்து கையெழுத்துப் போட்டார். இந்த வருஷம் மாமா பேருக்கு மாற்றியும் கொடுத்திருக்கிறார். இந்த மலர் அவர் கைக்கும் போகும், அதனால் காது குத்தல் விஷயத்தை மட்டும் நான் இன்னும் நம்பவில்லை என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். மற்றபடி அவருக்கு எங்கள் குடும்பம் நன்றியுள்ளது.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது எல்லாம் முற்றியிருந்தது. நாலு மாதம்தான். ஆஸ்பத்திரியில் இரவு பகல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், முறை வைத்து ரத்தம் கொடுத்த டேங்கர் ஓட்டுநர்களுக்கும், அந்த நாலு மாதமும் கடையைச் சாத்தாமல் நடத்திக் கொடுத்த சமையல் மல்லிகாவுக்கும், குப்பத்திலிருந்து தினம் ஒருவராக வந்து மாமாவோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் கைகூப்பு. பெயர் விட்டுப்போயிருந்தால் உரிமையோடு திட்டுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. கடைசி வாரத்தில் ஒரு பகல் பொழுது அக்காவின் கட்டில் அருகே நான் மட்டும் இருந்தேன். இனிமேலும் வைத்துக்கொள்ள முடியாது என்று தோன்றியது. அன்றைக்கு பிரிண்டர் கெடவில்லை அக்கா, நான்தான் உன் பேப்பரைக் கடைசியில் வைத்தேன், உன்னை ஒரு மாதம் அந்தப் பாடு படுத்தியது நான்தான் என்று சொல்லி அழுதேன்.

"தெரியும்டி" என்றார் அக்கா. "அன்னிக்கி பன்னெண்டு மணி வாக்குல உன் ஆபீசாண்ட வந்தேன். ஒரே கும்பல். கைக்கொழந்தய இடுப்புல வெச்சிகினு ஒரு பொண்ணு உன்னாண்ட அழுதுகினு இருந்துச்சு. நீ தல நிமிராம அதுக்கு அடிச்சிகினு இருந்த. பாத்துட்டுத் திரும்பிட்டேன்."

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே, எழுந்து ஓடி வந்திருப்பேனே என்றேன்.

"வந்துடுவன்னுதான் கூப்டல" என்றார். "நீ வந்துட்டா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?"

அந்தப் பெண் யார், அவளுக்கு நான் என்ன அடித்துக் கொடுத்தேன் என்று இந்த ஒரு வருஷமாக யோசிக்கிறேன். எனக்கு நினைவில்லை.